திருத்தத் திருத்தவே பறக்கும்
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வான ஊர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி பறக்கிறது. விழா மேடைகளில் இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லிக் கைதட்டல் பெறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் திருத்தக்கதேவர் சொல்லும் ஒரு செய்தியை மட்டும் நாம் விட்டுவிடுகிறோம். மயிற்பொறியைச் செய்து முடித்தவுடனே அரசி விசயை அதில் ஏறிப் பறந்துவிடவில்லை. வலப்புறம் திருகினால் எழும், இடப்புறம் திருகினால் இறங்கும் என்று அறிந்து, அதனை இயக்கிப் பழகினாள். பழகியதனால்தான் ஆபத்து வந்த நாளில் அது அவளுக்குப் பயன்பட்டது. கருவி வேறு, பழக்கம் வேறு என்பதைக் கற்பனையிலேகூட அப்புலவர் மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டோம்.

வானொலி அலையால் தரையிலிருந்து இயக்கப்படும் மாதிரி ஜெட் விமானத்தைப் பற்றி எழுத வந்தவன் இலக்கியத்தில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மாதிரி விமானம் என்றவுடன் அதைப் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதைப் பறக்க வைப்பது விளையாட்டாக இருக்கலாம். சரியாகப் பறக்காத ஒன்றைச் சரியாகப் பறக்கும்படி திருத்துவது கல்வி. அந்தக் கல்விதான் இன்று நம் அரசு கலைக் கல்லூரிகளுக்குத் தேவை என்பது என் கருத்து.

திருத்தம் என்றால் என்ன?

மாதிரி ஜெட்டில் இரு வகை உண்டு. ஒன்று, குழாய்க்குள் சுழலும் மின்விசிறியால் காற்றைப் பின்தள்ளி ஓடுவது. மற்றொன்று, மண்ணெண்ணெயில் சிறிது எண்ணெய் கலந்து எரிக்கும் உண்மையான சிறு டர்பைன் கொண்டது. கைக்குள் அடங்கும் இந்த டர்பைனின் சுழலி நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. எவ்வகையாயினும், புதிதாகச் செய்த விமானம் முதல் நாளே நன்றாகப் பறப்பது அரிது.

முதலில் பார்க்க வேண்டியது எடை மையம். சாதாரண இறக்கை அமைப்பில், இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழக் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே எடை மையம் அமைய வேண்டும். மூக்கு கனத்தால் விமானம் சோம்பும். வேகமாக வந்தால்தான் இறங்கும். வால் கனத்தால் தொட்டதற்கெல்லாம் துள்ளும், பிடிக்குள் அடங்காது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மட்டமாகப் பறக்குமாறு சரிசெய்துகொண்டு, போதிய உயரத்தில் மெல்லக் கீழ்நோக்கிச் சாய்த்து, கட்டுப்பாட்டை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். விமானம் தானே வேகமாக மேலெழுந்தால் மூக்கு கனம். மேலும் மேலும் கவிழ்ந்தால் வால் கனம். அதன்பின் மின்கலத்தை அரை சென்டிமீட்டர் நகர்த்திவிட்டு மறுபடியும் பறக்கவிட வேண்டும். எரிபொருள் தொட்டி உள்ள விமானமானால், தொட்டி காலியான நிலையிலும் எடை மையம் பிறழாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது டெல்டாவின் பிள்ளைகளுக்குப் புரியாத செய்தியா? ஏர்க்காலை நுகத்தடியில் சற்று முன்பின்னாகக் கட்டினால் உழவின் ஆழம் மாறும் என்பதை நம் பாட்டனார் அறிவார். மடையை ஒரு கை திறந்து, நீர் கடைமடை வயலுக்குப் போகிறதா என்று பார்த்து, மறுபடியும் ஒரு கை திறப்பவர் நம் தந்தையார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்துவந்த சோதனை முறை இது. அதையே காகிதமும் பென்சிலும் கொண்டு செய்வதற்கு அறிவியல் என்று பெயர்.

அடுத்தது காற்றின் வழி. மின்விசிறி ஜெட்டில் காற்று நுழையும் வாயின் உதடு கூராக இருந்தால் காற்று கிழிபடும். வளைவாக இருந்தால் ஒட்டி உள்ளே வரும். வெளியேறும் துளையை விசிறி சுழலும் பரப்பில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடாகக் குறுக்குவது வழக்கம். இங்கே ஓர் அருமையான பாடம் ஒளிந்திருக்கிறது. தரையில் விமானத்தைக் கட்டிவைத்து வில்தராசு கொண்டு உந்துவிசையை அளந்தால், அகன்ற துளைக்கே அதிக விசை காட்டக்கூடும். ஆனால் விரைந்து பறக்கும்போது, வெளியேறும் காற்றின் வேகத்தை மிகுவிக்கும் குறுகிய துளையே வெல்லக்கூடும். ஆகவே தரையில் பெற்ற மதிப்பெண்ணைக் கண்டு வானத்தைத் தீர்மானிக்க முடியாது. தேர்வில் முதலாவது வந்தவர் வாழ்க்கையிலும் முதலாவது வருவார் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

கட்டுப்பாட்டுத் தகடுகளை இயக்கும் கம்பிகளில் இம்மியளவு தளர்ச்சி இருந்தாலும் மிகு வேகத்தில் தகடு படபடத்து உடையும். டர்பைன் எஞ்சின், மெதுவான ஓட்டத்திலிருந்து முழு வேகம் பெறச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும்; எனவே இறங்கி வருகையில் எஞ்சினை அடியோடு தணித்துவிட்டால், வேண்டும்போது விசை கிடைக்காது. எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் எஞ்சின் அணைந்தே போகும். நம் ஊர் வெயிலும் கணக்கில் சேரும். ஒரே காற்றழுத்தத்தில் 15 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட 40 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் அதற்கேற்பக் குறையும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய அளவுகளைச் சித்திரை மாதத்துத் தஞ்சையில் அப்படியே பின்பற்ற இயலாது. நாமே பறக்கவிட்டுத்தான் கண்டறிய வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மாதிரி விமானமோ பறக்காது, பறிபோகும்!

இவ்வளவுக்கும் விதி ஒன்றே: ஒரு முறைக்கு ஒரு மாற்றம். மின்கலத்தையும் நகர்த்தி, துளையையும் குறுக்கி, தகட்டின் அசைவையும் மாற்றிவிட்டால், விமானம் நன்றாகப் பறந்தாலும் எதனால் பறந்தது என்று தெரியாது. ரைட் சகோதரர்களின் 1901ஆம் ஆண்டுச் சறுக்கு விமானம் எதிர்பார்த்த தூக்குவிசையைத் தரவில்லை. அவர்கள் விதியை நொந்துகொள்ளவில்லை. சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தாமே செய்து, ஏறத்தாழ 200 வகை இறக்கை வடிவங்களை அதில் வைத்துச் சோதித்தார்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பரில் பறந்த அந்த முதல் 12 வினாடிகள் அச்சோதனைகளின் விளைவே.

நம் ஆய்வுக்கூடங்களின் நிலை

இனிச் சற்று மனம் வருந்தும் செய்திக்கு வருகிறேன். செய்முறைப் பதிவேட்டில் தனி ஊசல் சோதனையின் விடை 9.8 என்றுதான் வர வேண்டும். 9.3 என்று வந்துவிட்டால் பல இடங்களில் நடப்பது என்ன? ஊசலை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. நூலின் நீளத்தை மீண்டும் அளப்பதில்லை. அளவீடுதான் திருத்தப்படுகிறது! இது ஏதோ ஒரு கல்லூரியின் குறை என்று சொல்லமாட்டேன். விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் தேர்வு முறையின் குறை இது.

மாதிரி விமானத்திடம் இந்த வித்தை பலிக்காது. எடை மையம் தவறினால் அது வயலில் மூக்கைக் குத்தும். பதிவேட்டில் என்ன எழுதினாலும் உடைந்த இறக்கை ஒட்டாது. பொய் சொல்ல முடியாத ஆய்வுக்கருவி அது. அளவீட்டைத் திருத்தப் பழகிய மாணவன், கருவியைத் திருத்தக் கற்றுக்கொள்ளும் இடமும் அதுவே.

இது சிறு விஷயமன்று. நம் நாட்டுப் போர் விமானத்திற்கென்று வடிவமைக்கப்பட்ட ஜெட் எஞ்சினுக்கு நம் ஆற்றின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்: காவேரி. பெங்களூரிலுள்ள வாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம் 1980களின் இறுதியில் தொடங்கிய பெருமுயற்சி அது. எடை கூடியது, உந்துவிசை குறைந்தது. 2001ஆம் ஆண்டு தேஜஸ் விமானம் முதன்முதலாகப் பறந்தபோது அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறந்தது. 2008இல் காவேரித் திட்டம் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 2010இல் வானில் வைத்துச் சோதிப்பதற்கு அந்த எஞ்சினை ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நம் விஞ்ஞானிகளின் அறிவில் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோதித்து, உடைத்து, திருத்தி, மறுபடி சோதிக்கும் வசதியும் பழக்கமும் ஒரு நாட்டில் பரவலாக இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். ஜெர்மனியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் 1980களின் இறுதியில், கரிம இழையால் வலுவூட்டிய ஒட்டுப்பலகையில் காற்றழுத்தும் சக்கரம் செய்து, மாதிரி விமானத்தைப் பறக்க வைக்கும் டர்பைன் எஞ்சினை உருவாக்கிக் காட்டினார். அத்தகைய பொழுதுபோக்காளர்கள் மலிந்த நாட்டில் பெரிய எஞ்சின் பிறப்பதில் வியப்பென்ன?

நம்மிடமும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகப் பெங்களூரில் உருவான ஆளில்லாத ‘லக்ஷ்யா’ ஜெட், 1985இல் முதன்முதலாகப் பறந்து, பல்லாண்டுச் சோதனைக்குப் பிறகே படையில் சேர்ந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவதில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட நடிகர் திரு. அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார். பொழுதுபோக்கு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று டெல்டா வயல்களில் மருந்து தெளிக்க டிரோன் வருகிறது. அதை வாடகைக்கு எடுப்பவர்களாக மட்டும் நாம் இருக்கப் போகிறோமா, பழுது பார்த்துத் திருத்தத் தெரிந்தவர்களாகவும் இருக்கப் போகிறோமா?

தடைகள்

“இது பொறியியல் கல்லூரிக்கு உரியதல்லவா?” என்பார்கள். எடை மையமும் காற்றழுத்தமும் இயற்பியல் பாடம். அளவுகளிலிருந்து வரைபடம் வரைவது கணிதம். பசையும் எரிபொருளும் வேதியியல். கலைக் கல்லூரியில் இவை மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

“செலவு தாங்குமா?” உண்மைதான், டர்பைன் ஜெட் லட்சக்கணக்கில் விலை பெறும். அதிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை. தெர்மோகோல் தகட்டில் வெட்டிய கைவீச்சுச் சறுக்கு விமானமே எடை மையத்தைக் கற்பிக்கும். ஓராண்டு அதில் பழகியபின் மின்விசிறி ஜெட் ஒன்றைத் துறைகள் கூடி வாங்கலாம். டர்பைன் நமக்கு இப்போது வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் அரிதாளும் வைக்கோலும் காய்ந்து கிடக்கையில், மண்ணெண்ணெய் சுமந்து விழும் எஞ்சின் ஒரு தீப்பந்தம்.

“ஆபத்தில்லையா?” உண்டு, அதற்கு ஒழுங்கும் உண்டு. தஞ்சையில் 2013இல் தொடங்கப்பட்ட விமானப் படை நிலையத்தில் 2020இல் சுகோய் விமானப் பிரிவு வந்து சேர்ந்தது. அந்த வானில் நினைத்தபடி எதையும் பறக்கவிட முடியாது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்கிற்கும் கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்குத் தருகின்றன. ஆயினும் வான்வெளி வரைபடத்தின் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் உரிய அனுமதியின்றிப் பறக்கவிடல் ஆகாது. வரைபடம் பார்த்து, பச்சை மண்டலத்தில் இடம் தேர்ந்து, பேராசிரியர் ஒருவர் முன்னிலையிலேயே பறக்கவிட வேண்டும்.

வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டில் மாதிரி விமான மன்றம் ஒன்றை இயற்பியல் துறையில் தொடங்குங்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி ஏற்கெனவே உண்டு. அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டுப் பெறலாம். மன்றத்தின் பதிவேட்டில் பறந்த நாட்களை மட்டுமின்றி, விழுந்த நாட்களையும் விழுந்த காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். காரணத்தைச் சரியாகக் கண்டவனுக்கு, நன்றாகப் பறக்கவிட்டவனுக்குத் தரும் அதே பரிசைத் தாருங்கள்.

மாணவத் தோழர்களே! மயிற்பொறியைப் பாடிய நாடு நம் நாடு என்று சொல்லிக்கொள்வதில் மகிழ்ச்சியே. அந்தப் பொறியைச் செய்த தச்சனின் கையும், இயக்கிப் பழகிய விசயையின் பொறுமையும் நமக்கும் வாய்க்கும்போது அந்தப் பெருமைக்கு நாம் முழு உரிமை பெறுவோம். அதுவரை ஒரு தெர்மோகோல் தகடும், ஒரு பிளேடும், பொய் எழுதாத ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.