நாடகம் முடிஞ்சாச்சு, நோட்டீஸாவது மிஞ்சட்டும்!

அஸ்தினாபுரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டையும் ரயில் தண்டவாளத்தையும் தாண்டிப் போனால் பம்மல். அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர். அவர் எழுதிய நாடகங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து நாடக நோட்டீஸ் ஒன்றையாவது பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதே காலத்து அமெரிக்க நாடகப் போஸ்டர்களை இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். தண்டவாளத்தில் கட்டிப் போட்ட ஆள், பாய்ந்து வரும் ரயில், கத்தியோடு வில்லன்... எல்லாம் பளிச்சென்ற கலரில்! அத்தனையும் கல் அச்சு. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு கலருக்கும் தனிக் கல். ஒரே தாளை அத்தனை கல்லிலும் இம்மி பிசகாமல் அழுத்தி எடுக்க வேண்டும்.

சுவரில் ஒட்டிய காகிதம் எப்படித் தப்பியது? காப்புரிமைக்காக அச்சகங்கள் பதிவு செய்த பிரதிகள் அரசாங்க நூலகத்தில் தங்கிவிட்டன. இங்கேயும் 1867-ல் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் அது புத்தகங்களுக்கு. நாடக நோட்டீஸ் அந்தக் கணக்கில் வராது.

கலர் கல் அச்சு நமக்குத் தெரியாத வித்தை இல்லை. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகமே போட்டார். அவருடைய சாமி படங்களைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தோம். நோட்டீஸை? கிழித்துப் பொட்டலம் கட்டினோம்!

விளம்பரத்தில் என்ன வரலாறு, எல்லாம் புளுகுதானே என்று கேட்கலாம். புளுகுதான், அதனால்தான் முக்கியம். ஆசிரியர் என்ன எழுதினார் என்பதைப் புத்தகம் சொல்லும். எதைக் காட்டினால் ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே வருவார்கள் என்று கம்பெனிக்காரர் கணக்குப் போட்டார் என்பதை நோட்டீஸ்தான் சொல்லும். டிக்கெட் விலை, நடிகர் பெயர், பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பதெல்லாம் வேறு எங்கே கிடைக்கும்?

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகப் புத்தகங்களோடு இப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். அவர் பெயரிலான நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. ஒருவர் காட்டிய அக்கறையில் இவ்வளவு மிஞ்சியது என்றால், ஊருக்கு நாலு பேர் கவனித்திருந்தால்?

ஆகவே மக்களே, தாத்தா பாட்டி டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை கிளறிப் பாருங்கள். நோட்டீஸ் கிடைத்தால் ஒரு ஸ்கேன் எடுங்கள், ஊரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். காகிதத்தை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.