முதல்ல பல்பை அமுக்குங்க சாமி!

"சும்மா போறப்போ நல்லா ஓடுது, வலையும் ஆளும் ஏறினா இழுக்க மாட்டேங்குது." அவுட்போர்டு மோட்டாருக்கு இப்படி ஒரு வியாதின்னு சொன்னா போதும். நம்ம மெக்கானிக்குகள் சிலர் உடனே ஹெட்டைக் கழட்டி, 'பிஸ்டன் போச்சு'ன்னு தீர்ப்பு எழுதிடறாங்க. அநியாயம்!

யோசிங்க மக்களே. லோடு ஏறினா எரிபொருள் அதிகம் வேணும். அது வந்து சேருதான்னு பார்க்கறதுதானே முதல் வேலை?

முழு வேகத்தில் மோட்டார் திணறும்போது, ஹோஸில் இருக்கிற ரப்பர் பல்பை ஒருத்தர் அமுக்கட்டும். வேகம் திரும்பினா கோளாறு எரிபொருள் வழியில்தான். பல்பு சப்பிப் போய்க் கிடந்தா அடைப்பு டேங்க் பக்கம். பல சமயம் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பாங்க, அவ்வளவுதான்.

குமரிக் கரையில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுற மோட்டார்னா பிளக்கில் கரி சேரும். அதையும் பாருங்க. எஞ்சின் மட்டும் சீறி படகு நகரலைன்னா, புரொப்பல்லருக்குள் இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குதான்னு பாருங்க.

இதெல்லாம் முடிச்சும் சரியாகலையா, அப்புறம் தாராளமா ஹெட்டைத் திறங்க. படகு கரையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டோட வருமானம் போகுது. கூலி வாங்குங்க, தப்பில்லை. பல்பை அமுக்கிப் பார்த்துட்டு வாங்குங்க!