பெயர் திரும்பினால் சிரிப்பு திரும்புமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் மாலை வேளைகளில் பயணிப்பவர்களுக்கு ஒரு குரல் நன்கு பழகியிருக்கும். அத்திப்பட்டில் வேலை முடித்து ஏறுபவர்கள், மீஞ்சூரில் இறங்கிக் காட்டூர், பழவேற்காடு பக்கம் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள், மீனை விற்றுத் தீர்த்துவிட்டு வெறும் கூடையுடன் ஊர் திரும்பும் பெண்கள் என எல்லோருக்கும் நடுவே, யாரோ ஒருவரின் கைபேசியில் வடிவேலு பேசிக்கொண்டிருப்பார். அந்தப் படம் வெளியானபோது பிறந்தே இராத இளைஞர், அடுத்து வரும் வசனத்தை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சிக்கு இன்றும் இவ்வளவு உயிர் இருக்கிறது. ஆனால், அதே பாத்திரத்தின் பெயரைத் தாங்கி வந்த புதிய படங்களுக்கு அந்த உயிர் வாய்க்கவில்லை. பழைய நகைச்சுவையை மீட்டெடுக்கும் முயற்சிகள் தமிழ்த் திரையுலகில் பெருகிவரும் வேளையில், இந்த முரணைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம்.

மீட்பு அலை

சுராஜ் இயக்கிய ‘தலைநகரம்’ (2006) படத்தில் வந்த போலி ரவுடி நாய் சேகர், 2022 டிசம்பரில் அதே இயக்குநரின் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ மூலம் கதாநாயகனாகத் திரும்பினார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வடிவேலு நகைச்சுவை நாயகனாக நடித்த அந்தப் படம், எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ‘வின்னர்’ (2003), ‘கிரி’ (2004) ஆகிய படங்களைத் தந்த சுந்தர்.சி - வடிவேலு கூட்டணி 2025 ஏப்ரலில் ‘கேங்கர்ஸ்’ படத்தில் மீண்டும் இணைந்தது. அதற்குக் கலவையான வரவேற்பே கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கவுண்டமணி ‘ஒத்த ஓட்டு முத்தையா’வில் நாயகனாக வந்தார், அதுவும் பெரிய அலையை எழுப்பவில்லை. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யின் (2006) தொடர்ச்சியோ படப்பிடிப்பு தொடங்கிய பின்னர் முடங்கிப்போனது.

வயதாகிவிட்டது, திறமை மங்கிவிட்டது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிட முடியாது. 2023இல் ‘மாமன்னன்’, 2025இல் ‘மாரீசன்’ ஆகிய படங்களில் வடிவேலுவைப் பார்த்தவர்கள் அந்த முகத்தின் ஆற்றல் கொஞ்சமும் குறையவில்லை என்பதை அறிவார்கள். ரசிகர்களின் ரசனை மாறிவிட்டது என்பதும் முழு உண்மை அல்ல. மாறியிருந்தால், ரயிலில் அந்தப் பழைய குரல் ஒலித்துக்கொண்டிருக்காது. நடிகர் இருக்கிறார், ரசிகரும் இருக்கிறார். இருவருக்கும் இடையில் இருந்த ஏதோ ஒன்றுதான் காணாமல் போயிருக்கிறது.

அடியின் இலக்கணம்

அடி, உதை, தடுக்கி விழுதல் ஆகியவற்றால் சிரிக்கவைக்கும் வகையை ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பார்கள். பழைய இத்தாலிய நாடகங்களில் இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துச் செய்த கோல் ஒன்று இருந்தது. அடித்தால் வலி குறைவு, சத்தம் அதிகம். அந்தக் கோலின் பெயரே நகைச்சுவை வகைக்கும் பெயராயிற்று. இந்தக் கலையில் முக்கியமானது அடியின் வேகம் அல்ல. யார், யாரை, எந்த இடத்தில் நின்று அடிக்கிறார் என்பதே.

‘கரகாட்டக்கார’னின் (1989) வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னவர் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்தவர் செந்தில். அதட்டும் உரிமையும் கை நீட்டும் அதிகாரமும் கவுண்டமணியிடம் இருக்கின்றன. ஆனால், இன்னொரு பழம் எங்கே என்ற கேள்விக்குச் செந்தில் தரும் விடையை அந்த அதிகாரத்தால் ஒன்றுமே செய்ய முடிவதில்லை. அடிப்பவர் தோற்கிறார், அடி வாங்குபவர் வெல்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காததற்கு இந்தத் தலைகீழ் மாற்றமே காரணம். வீட்டிலும் வேலையிடத்திலும் யாரிடமாவது அதட்டல் வாங்கியவர்களுக்கு அது ஒரு சிறிய வெற்றி.

கவுண்டமணியிடம் அடி வாங்கும் பாத்திரங்களில் தொடக்கக் காலத்தில் நடித்த வடிவேலு, பிற்பாடு இந்த இலக்கணத்தை வேறு விதமாக மாற்றினார். அவரது பாத்திரங்கள் தாமாகவே ஒரு அதிகாரத்தைக் கற்பித்துக்கொள்ளும். ‘வின்னர்’ கைப்புள்ளைக்கு ஒரு சங்கம், நாய் சேகருக்கு ஒரு ரவுடிப் பட்டம். தன்னையும் ரவுடியாக மதிக்க வேண்டும் என்பதற்காக, யாரும் அழைக்காமலே காவல் துறை வண்டியில் ஏறுகிறார் நாய் சேகர். அச்சம்தான் மரியாதை என்று நம்பும் ஒரு சமூகத்தின் மீதான கேலி அது. இங்கே அடி விழுவது வீம்பின் மீது. அந்த வீம்பு நம் எல்லோரிடமும் இருப்பதால்தான் அந்தப் பெயர்கள் ஊர்வாயில் நிலைத்தன.

பெயர் மட்டும் திரும்பும்போது

நாய் சேகர் ஒரு படத்தின் ஓரத்தில் வந்தவர். நிஜமான ரவுடிகள் நிறைந்த கதைக்குள் போலி ரவுடியாக நின்றதால்தான் அவருக்குப் பொருள் இருந்தது. அவரையே கதையின் மையத்தில் நிறுத்தியபோது, அவர் போலி என்று காட்டுவதற்கு ஒப்பிட நிஜம் இல்லாமல் போயிற்று. உடை, ஒப்பனை, அலட்டல் எல்லாம் திரும்பின. அவரைச் சிறியவராகக் காட்டிய பெரிய உலகம் திரும்பவில்லை. ஓரத்தில் பத்து நிமிடம் ஒளிர்ந்ததை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டும்போது ஏற்படும் தொய்வு தனிக் கதை.

‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தின் நேசமணி இதற்கு மறுபக்கச் சான்று. 2019 மே மாத இறுதியில், சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, அதை உங்கள் நாட்டில் எப்படி அழைப்பீர்கள் என்று சமூக வலைதளத்தில் யாரோ கேட்டார். அதன் பெயரைச் சொன்ன ஒரு தமிழர், அது காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த கதையையும் சேர்த்துச் சொல்ல, அவர் நலம்பெற வேண்டி உலகெங்கும் ‘பிரார்த்தனை’ பரவியது. மத்தியில் புதிய அரசு பதவியேற்கவிருந்த அந்த நேரத்தில், கற்பனைப் பாத்திரம் ஒன்று அந்தச் செய்தியோடு போட்டி போட்டது. எந்தத் தயாரிப்பாளரும் திட்டமிடாத அந்த மீட்பே இதுவரையிலான மீட்புகளில் ஆகப் பெரிய வெற்றி. மக்கள் நேசமணிக்குப் புதிய கதை எதையும் கேட்கவில்லை. தங்களுடைய இன்றைய நாளுக்குள் அவரை இழுத்து வந்தார்கள்.

மாறிவிட்ட ரசிகர்

பழையதை அப்படியே கொண்டுவர முடியாததற்கு நியாயமான வேறொரு காரணமும் உண்டு. நிறம், உடற்பருமன், வழுக்கை, மாற்றுத்திறன், திருநர் அடையாளம், மனைவியைக் கேலி செய்தல் போன்றவை அந்தக் கால நகைச்சுவையில் தாராளமாக இடம்பெற்றன. பழைய காட்சியில் இவற்றைக் காணும்போது ‘அந்தக் காலம்’ என்று கடந்துவிடும் ரசிகர், புதிய படத்தில் கண்டால் முகம் சுளிக்கிறார். இதைப் போலி நாகரிகம் என்று சலித்துக்கொள்ளும் படைப்பாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழைப்பழக் காட்சிக்கு யாருடைய நிறமும் தேவைப்படவில்லை. சுத்தியல் விழுவதற்கு எந்தப் பெண்ணையும் இழிவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. நிலைத்து நிற்பவற்றுள் மிகச் சிறந்தவை, எளியவரை மேலும் குனியவைக்காமலே சிரிக்கவைத்திருக்கின்றன. புதிய ரசிகரின் கூச்சம் இந்தக் கலைக்குத் தடை அல்ல; எதை விட்டுவிடலாம் என்று காட்டும் வழிகாட்டி.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 1934 முதல் 1959 வரை 190 குறும்படங்களில் ஒருவரையொருவர் அறைந்து சிரிக்கவைத்தவர்கள் ‘த்ரீ ஸ்டூஜஸ்’ குழுவினர். 2012இல் ஃபாரெல்லி சகோதரர்கள் அவர்களைப் புதிய நடிகர்களைக் கொண்டு மீட்டெடுத்தனர். முடியலங்காரம், அசைவு, அறையும் ஓசை வரை அத்தனையும் அசலைப் போலவே இருந்தன. நகல் எடுத்தவர்களின் உழைப்பை வியக்க முடிந்ததே தவிர, அந்தப் படத்தால் புதிய மரபு எதுவும் உருவாகவில்லை. சாப்ளினோ ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்துடன் தன் புகழ்பெற்ற நாடோடிப் பாத்திரத்துக்கு விடைகொடுத்தார். நான்கே ஆண்டுகளில் அதே குறுமீசையை ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரை நையாண்டி செய்யப் பயன்படுத்தினார். பழைய உடல்மொழி புதிய அதிகாரத்தின் முன் போய் நின்றது. அதுதான் உண்மையான மீட்பு.

கட்டியங்காரன் கற்றுத்தரும் பாடம்

இதற்கு நாம் சாப்ளின் வரை போக வேண்டியதும் இல்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனின் வருகையை அறிவிப்பவன். அந்த அரசனையே கிண்டல் செய்பவன். துரியோதனன் பேசுவது பல தலைமுறைகளாக வரும் பாட்டு. கட்டியங்காரன் பேசுவதோ அன்றைய ஊர்ச்செய்தி. விலைவாசியும், வராத பேருந்தும், வாக்குக் கேட்டு வந்தவரும் அவன் வாயில் அரைபடுவார்கள். அவனுடைய உடையும் அசைவும் பழையவை. அவன் கேலிக்கு உள்ளாவது மட்டும் ஒவ்வோர் இரவும் புதியது. இந்தக் கலை நெடுங்காலம் பிழைத்திருப்பதற்கான இரகசியம் இதுவே.

இன்றைக்கு ஒரு கைப்புள்ளை என்ன செய்வார்? சங்கம் வைப்பாரா, அல்லது பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காட்டி ஊரை மிரட்டுவாரா? ஒரு நேசமணி, கூலி பாக்கிக்காக எந்தச் செயலியோடு மல்லுக்கட்டுவார்? இணையவழிக் கடன் கேட்டு மிரட்டும் குரலுக்கு முன் செந்திலின் வாழைப்பழத் தர்க்கம் எப்படி எடுபடும்? மீட்க வேண்டியவை இந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன.

கூட்டத்தைக் காப்பது

கூட்டமாக இயங்கினால்தான் இந்தக் கலை உயிர்பெறும். வடிவேலுவின் காட்சிகளில் அவரைச் சுற்றி நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் அல்வா வாசு (2017), கிருஷ்ணமூர்த்தி (2019), நெல்லை சிவா (2021), போண்டா மணி (2023) ஆகியோர் இன்று இல்லை. சிறுநீரகப் பாதிப்பால் அவதியுற்ற போண்டா மணி, மருத்துவச் செலவுக்குப் பொதுவெளியில் உதவி கேட்கும் நிலை ஏற்பட்டது. அவர் நடித்த காட்சிகள் அப்போதும் தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. கவுண்டமணி - செந்தில் கூட்டணிக்கு நகைச்சுவைப் பகுதிகளை எழுதிய ஏ.வீரப்பனின் பெயரை, அந்தக் காட்சிகளைப் பார்த்துச் சிரிப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், நிகழ்த்துக் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் வணிகரீதியில் பயன்படுத்தப்படும்போது அவர்களுக்கு உரிமைத்தொகை பெறும் உரிமை உண்டு என்கிறது. பாடகர்கள் அமைப்பாகத் திரண்டு அதில் ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள். நகைச்சுவைத் துணை நடிகர்களுக்கு அது இன்னும் கைக்கு எட்டவில்லை. பழைய காட்சிகளால் வருமானம் வரும் காலத்தில், அதன் சிறு பகுதியாவது அந்தக் காட்சியில் அடி வாங்கியவருக்கும் அதை எழுதியவருக்கும் சென்றால், அடுத்த தலைமுறை துணிந்து இந்தக் கலைக்குள் வரும். நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் அமைப்புகளும் எழுத்தாளர் சங்கமும் கலந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

நாயகர்களாக உயர்ந்த நகைச்சுவை நடிகர்களைக் குறை கூறுவதற்கில்லை. ‘மண்டேலா’வில் (2021) யோகி பாபுவும், ‘விடுதலை’யில் (2023) சூரியும் தங்கள் எல்லைகளை விரித்துக்கொண்டார்கள். ஆனால், அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் எழுத்தாளர்களையும் குழுக்களையும் வளர்க்கத் திரையுலகம் முனையவில்லை. அந்த வெற்றிடத்தை மறைக்கவே பழைய பெயர்கள் தூசு தட்டி எடுக்கப்படுகின்றன.

ரயிலில் ஒலிக்கும் அந்தக் குரலைக் கேட்டு, நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய இன்றைய அலைச்சலும் அவமானமும் நாளைய திரையில் சிரிப்பாக மாற வேண்டும். அதை எழுத ஆள் வேண்டும். எழுதியவருக்கும் நடித்தவருக்கும் உரிய கூலி வேண்டும். இவை இரண்டும் இருந்தால், பழைய பெயர் திரும்பாவிட்டாலும் சிரிப்பு திரும்பும்.