துண்டுச் சீட்டும் கபாலாவும்

மனிதரை விற்பதும் வாங்குவதும் கொடுங் குற்றம் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். அரசுகள் மறுப்பதில்லை, முதலாளிகள் மறுப்பதில்லை, வேலைக்கு ஆள் பிடிக்கும் முகவர்கூட மறுப்பதில்லை. எல்லாரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் உண்மை எவருக்கும் இடைஞ்சல் தராத உண்மையாக ஆக்கப்பட்டுவிட்டதோ என்ற ஐயம் சிந்திப்போர்க்கு எழவேண்டும். ஆட்கடத்தல் பற்றி வெளிவரும் சட்ட ஆராய்ச்சிகளைப் படிக்குந்தோறும் எமக்கு எழுவது அந்த ஐயமே.

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை ஆட்கடத்தலுக்கு மூன்று கூறுகளை வகுத்தது. ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல், வைத்திருத்தல் முதலியன செயல், பலவந்தம், வஞ்சகம், ஒருவரது நலிந்த நிலையைத் தகாத வகையிற் பயன்படுத்தல் முதலியன வழி, சுரண்டல் நோக்கம். இவ்வழிகளுள் ஒன்று கையாளப்பட்டிருப்பின், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் எடுபடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் எனின் வழியை மெய்ப்பிக்க வேண்டியதே இல்லை. எமது தண்டனைச் சட்டக்கோவையும் 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இதனைக் குற்றமாக்கி, 20 ஆண்டு வரையிலான சிறையை விதித்துள்ளது.

ஏட்டளவில் இது நல்ல சட்டமே. குறை எங்கே? ஆராய்ச்சியாளர் கேட்கும் கேள்வியிலேயே குறை இருக்கின்றது. ஏமாற்றியவன் யார், எந்தப் பொய்யைச் சொன்னான், எந்த விமான நிலையத்தில் கைமாறியது என்று அவர் தேடுகிறார். வில்லன் ஒருவன் அகப்பட்டால் அது ஆட்கடத்தல். அகப்படாவிட்டால், விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை நீளும் வேலையும், மாதக்கணக்கில் தரப்படாத சம்பளமும், எசமானின் பெட்டிக்குள் பூட்டப்பட்ட கடவுச்சீட்டும் ‘ஒப்பந்த மீறல்’, ‘தொழிற் பிணக்கு’ என்ற சில்லறைப் பெயர்களைப் பெற்றுக் கோப்புகளுக்குள் உறங்கிவிடுகின்றன.

இந்த வித்தை எமது நாட்டுக்குப் புதியதன்று. மொரீசியசுக்கும் பீஜிக்கும் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில், இலங்கைத் தோட்டத் துரைமாரும் அவர்களுக்காகப் பேசியோரும் பெருமையோடு ஒன்று சொல்லிவந்தனர்: எம்மிடம் வருவோர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டவரல்லர், கங்காணியை நம்பித் தாமாக வரும் சுதந்திரத் தொழிலாளர். 1917 இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டபோதும் கங்காணி முறை தப்பிப் பிழைத்தமைக்கு இந்தச் ‘சுதந்திரம்’ என்னுஞ் சொல்லே கவசமாயிற்று.

அந்தச் சுதந்திரத்தின் இலட்சணம் என்ன? தமிழகத்துக் கிராமத்திலே கங்காணி கொடுத்த முற்பணம் கடனாயிற்று, வழிச்செலவு கடனாயிற்று, தோட்டத்தில் அளந்த அரிசியும் கணக்கிலே ஏறிற்று. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பியவனுக்குத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்பேன் என்பதே அதன் பொருள். புதிய துரை பணத்தைக் கட்டினார், ஆள் மாறினான், கடன் அவனோடு கூடவே சென்றது. துண்டின்றி, முன்னறிவித்தலுமின்றி ஓடியவனுக்கு 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைக்கதவைத் திறந்து வைத்திருந்தது. வேலையை விட்டு நீங்குவது குற்றம் எனச் சட்டம் விதித்த பின்னர் எந்தக் கங்காணியும் சங்கிலி தூக்க வேண்டியிருக்கவில்லை.

இம்முறை எவ்வாறு ஒழிந்தது? கொடிய கங்காணிகள் சிலரைத் தண்டித்து ஒழிக்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளையே குறிவைத்துப் போராடினர். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டோடியவனைச் சிறையிலிடும் விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. தோட்டத் தொழிலாளியின் துயரம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். எனினும், கட்டிவைத்த முடிச்சு எது என்பதை அப்போராட்டம் சரியாக இனங்கண்டிருந்தது.

இன்று அம்முடிச்சு வேறிடத்தில் இறுகியிருக்கின்றது. வளைகுடா நாடுகளிலும் லெபனானிலும் வழங்கிவரும் கபாலா முறை, வந்து வேலை செய்பவரின் தங்கும் உரிமையை ஒரே எசமானோடு பிணைக்கின்றது. பணிப்பெண்ணின் குடும்பத்துக்கு உள்ளூர் முகவர் முற்பணம் கொடுக்கிறார். இடையில் திரும்பி வந்தால் அதைக் கக்கச் சொல்கிறார். கொடுமை பொறுக்காது வீட்டை விட்டு வெளியேறினால், அவள் ஓடிப்போனவள் என எசமான் முறையிடலாம். சவூதி அரேபியாவில் இம்முறைப்பாட்டுக்கு ‘ஹுரூப்’ என்று பெயர். ஓட்டம் என்பது அதன் பொருள். அதன் பின் தேடப்படுபவள் அவளே. வேறு வீட்டுக்கு மாற விரும்பினாலோ, அவளை வரவழைத்த செலவைக் கேட்டு ‘றிலீஸ்’ பேசப்படுகின்றது. முற்பணம், ஓட்டக் குற்றம், விடுவிப்புத் தொகை என்ற மூன்றையும் தேயிலைத் தோட்டத்தின் பழைய கணக்கேட்டில் எழுதி வைத்தாற் பொருந்தாதா?

சீர்திருத்தங்கள் நடந்துள்ளனவே என்பர். கட்டார் 2020 இல் வேலை மாறுவதற்கு எசமானின் அனுமதி வேண்டியதில்லை என்றது உண்மை. ஆயின் 2021 மார்ச்சில் சவூதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் வீட்டுப் பணியாளரைப் புறத்தே நிறுத்தியது. லெபனானின் 1946 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் தனது 7 ஆம் பிரிவிலேயே வீட்டு வேலையாட்களை விலக்கிவிட்டது. சட்டத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் அடுக்களையில் நிற்பவள் வெளியே நிற்கிறாள்.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. 2005 இல் அவள் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது பிறப்புச் சான்றிதழின்படி வயது 17, கடவுச்சீட்டின்படி 23. சென்ற சில வாரங்களுள் அவளது பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்தது. 2007 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 சனவரி 9 இல் அது நிறைவேற்றப்பட்டது. இலங்கை பலேர்மோ நெறிமுறையில் ஒப்பமிட்டது 2000 திசம்பரில். அதனை ஏற்புறுதி செய்தது 2015 யூனில். அவள் கப்பலேற்றப்பட்ட சரக்குப் போல அனுப்பப்பட்டதும், தீர்ப்பளிக்கப்பட்டதும், கொல்லப்பட்டதும் இவ்விரு திகதிகளுக்கும் இடையிலேயே நிகழ்ந்து முடிந்தன.

அதன் பின் அரசு செய்தது என்ன? கட்டும் விதிகளை உடைக்க முயலவில்லை, பெண்களைக் கட்டிற்று. 2013 இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்லலாகாது என்ற விதி வந்தது. வறுமைக்கு அவ்விதி தெரியாது. நேர்வழி அடைபட்டவர்கள் குறுக்குவழியைத் தேடினர். 2022 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், சுற்றுலா விசாவிற் கொண்டுசெல்லப்பட்ட பெண்கள் ஓமானில் விற்கப்பட்டமை நாடெங்கும் பேச்சாயிற்று. இவ்வளவுக்கும் நடுவே, புலம்பெயர்ந்து உழைப்போர் 2024 இல் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிற்கும் அரசு, அதைத் தரும் நாடுகளிடம் உரத்துப் பேசாதது வியப்பன்று.

சட்ட ஆராய்ச்சியை இகழ்வது எமது நோக்கமன்று. அத்துறையினுள்ளேயே இவ்விவாதம் நடந்துள்ளது. ஆட்கடத்தலில் மட்டும் கண்வைப்பதால் பரந்த அடிமைத்தனம் கண்ணுக்குத் தப்புகின்றது என 2008 இல் ஜேம்ஸ் ஹதவே எழுதினார். நாடுகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளை இந்தச் சட்டமே தந்தது என ஆன் கலகர் மறுத்தார். கலகரின் வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. கருவி இருக்கின்றது, அது எதன்மேல் விழுகின்றது என்பதே எமது கேள்வி. குற்றவியலை விடுத்துத் தொழிலாளர் உரிமை வழியே இதனை அணுகவேண்டும் என 2012 இல் ஹிலா ஷமிர் வாதிட்டமை எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. ‘நலிந்த நிலையைப் பயன்படுத்தல்’ என்ற சொற்கள் சட்டத்திலேயே உள்ளன. அந்த நலிவை ஆக்குவது விசா விதி எனின், முகவனை மட்டும் பிடித்து விதியை விட்டுவிடும் ஆராய்ச்சி யாருக்குப் பயன்படும்?

ஆகவே நாம் கேட்பவை எளியவை. எசமானின் அனுமதியின்றி வேலை மாறும் உரிமை வேண்டும். வேலையை விட்டு நீங்குவது எந்நாட்டிலும் குற்றமாகலாகாது. ஆட்சேர்ப்புச் செலவு முழுவதும் எசமானையே சாரவேண்டும். முற்பணத்தின் பேரில் எவரையும் பிணைக்கலாகாது. வீட்டு வேலை தொழிற் சட்டத்துக்குள் வரவேண்டும். இவற்றுக்கு உடன்படாத நாடுகளோடு ஆளனுப்பும் உடன்படிக்கை எதற்கு? புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 1990 ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் சேர்ந்தது. ஆயின் வளைகுடா அரசுகளுள் ஒன்றேனும் அதிற் சேரவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! தாயைப் பிரிந்து பாடம் கேட்கும் பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் இருக்கின்றனர். துண்டு முறையை வரலாற்றுப் பாடத்தில் முடிந்த கதையாகக் கற்பித்துவிட்டு, அடுத்த மணியில் அவர்களின் முகத்தைப் பார்ப்பது எங்ஙனம்? சட்டம் பயிலும் மாணவர் தம் ஆய்வுக் கட்டுரையில் முகவனின் பெயரைத் தேடுமுன் விசா விதியை எடுத்து வாசிக்கட்டும். நாம் எம் ஊரிலிருந்து புறப்படும் பெண்ணின் ஒப்பந்தத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். அதில் எழுதப்படாத பிணைப்பு எது என்பதையும் அவளுக்குச் சொல்வோம்.