பல்பின் மேல் பழி வேண்டாம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "ஹெட்லைட் வெளிச்சம் பற்றவில்லை" என்ற குறையைத் தவறாமல் கேட்கலாம். அதற்கு ஊரார் சொல்லும் மருந்தும் ஒன்றே: "பெரிய வாட் பல்பாகப் போட்டுவிடு." இந்த மருந்து தவறானது, ஆபத்தானதும்கூட என்பது என் கருத்து. இயற்பியல் மாணவன் என்ற செருக்கில் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் பெரியப்பாவிடம் 1974-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று உள்ளது. மார்க் 2 வகை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்டு வந்த அம்பாசிடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வெள்ளை வண்டிதான் வேண்டும் என்று இன்றும் கேட்டு வருகிறார்கள். முகூர்த்த மாதங்களில் இரவுப் பயணம் மிகுதி. சென்ற தை மாதம் பெரியப்பா ஒரு பட்டறையில் குறையைச் சொல்ல, அங்கே 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளை மாட்டி அனுப்பினார்கள்.

பத்து நாள் பட்டப்பகல்தான். பதினோராம் நாள் இரவு, வாய்க்கால் கரைத் திருப்பத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. "என்ன வாடைடா தம்பி?" என்று பெரியப்பா கேட்டு முடிக்கவில்லை, இரண்டு விளக்குகளும் ஒருசேர அணைந்துவிட்டன. நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்னால் ஒரு கைக்குழந்தையோடு ஐந்து பேர். பெரியப்பா பிரேக்கை மிதித்து நிறுத்திய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பார்த்தால் விளக்கு சுவிட்ச் உருகிப் போயிருந்தது. இதில் வியப்பென்ன? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 வாட் பல்புகள் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். 100 வாட் பல்புகள் இரண்டுக்கு ஏறத்தாழ 16.7 ஆம்பியர். சுவிட்சின் தேய்ந்த தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். முன்னதில் அங்கு பிறக்கும் வெப்பம் 10 வாட். பின்னதில் ஏறத்தாழ 28 வாட். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அந்த வாடை அடிக்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

புது சுவிட்சும் பழைய 60/55 பல்புகளும் போட்டதும் மீண்டும் அதே மங்கல். அப்போதுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். பல்பின் சாக்கெட்டைக் கழற்றி அளந்தால் 12.5 வோல்ட், எல்லாம் சரியென்றே காட்டியது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மின்னோட்டம் இல்லாத கம்பியில் அழுத்த இழப்பு ஏது? விளக்கை எரியவிட்டு அளக்க வேண்டும். ஹை பீமை எரியவிட்டு அளந்தேன். பாட்டரியில் 12.2 வோல்ட், பல்பின் முனையில் 10.4 வோல்ட்தான். இடையில் 1.8 வோல்ட் களவு போயிருந்தது. அழுத்தம் குறைவதைக் காட்டிலும் ஒளி மிக வேகமாகக் குறையும். இந்த இழப்புக்கே ஒளி ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடுகிறது. பல்பு என்ன பாவம் செய்தது?

களவைத் தேடுவது எளிது. மீட்டரின் ஒரு முனை பாட்டரியில், மறுமுனை பல்புக்கு வரும் கம்பியில்: 1.3 வோல்ட். பல்பின் எர்த் கம்பிக்கும் பாட்டரியின் எர்த்துக்கும் இடையே: 0.5 வோல்ட். பிறகு ஒவ்வோர் இணைப்பாகக் கடந்து சென்றேன். பழைய ஆங்கிலேய வண்டிகளின் நிற முறையே எங்கள் வண்டியிலும் இருந்தது பேருதவி. நீலம் டிப் சுவிட்சுக்குப் போவது, நீலமும் வெள்ளையும் ஹை பீம், நீலமும் சிவப்பும் டிம், கறுப்பு எர்த். காலால் மிதிக்கும் டிப் சுவிட்சில் மட்டும் 0.8 வோல்ட் இழப்பு. மழைநாளில் செருப்புச் சேறு முழுவதும் இறங்குவது அதன் தலையில்தானே! எர்த் திருகுக்கு அடியில் பெயிண்டும் துருவும். உப்புத்தாளால் தேய்த்தேன், டிப் சுவிட்சை மாற்றினேன், பாட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, ஃபியூசும் ரிலேயும் வைத்தேன். இப்போது சுவிட்சுகள் ரிலேக்கான சிறு மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கின்றன. மொத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

"எல்.இ.டி. போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மின்னோட்டம் குறையும், உண்மை. ஆனால் அந்தக் குழிக் கண்ணாடி, பல்பின் இழை இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் கற்றை சிதறி, எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைப் பறிக்கும்.

பட்டறைக்காரரைப் பழிக்க எனக்கு மனமில்லை. எஞ்சின் ஓசையைக் கேட்டே நோய் சொல்லும் அவருடைய பட்டறிவு எனக்கு இன்னும் பத்தாண்டு ஆனாலும் வராது. வாடிக்கையாளர் பல்புக்குக் காசு கொடுக்கிறார். அரைமணி நேரத் தேடலுக்குக் கொடுப்பதில்லை. அவர் என்ன செய்வார்?

பேராசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. நம் ஆய்வகத்தில் எல்லாக் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்யுமாறு வைக்கப்படுகின்றன. வரவேண்டிய விடை முன்பே நமக்குத் தெரியும். அதை நோக்கியே அளக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பழுதான ஒரு சுற்றைக் கொடுத்து, "எங்கே பழுது?" என்று கேட்டு மதிப்பெண் போடக் கூடாதா? கழற்றிய அந்த டிப் சுவிட்சை நான் எறியவில்லை. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது; மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்தால் ஏறக்குறைய சுழி காட்டும். அடுத்த பருவத்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்.