வாயடைக்கும் வாணிபம்

"தம்பி! என் நம்பர் செத்துப்போச்சாம்ப்பா. கடைக்காரப் பையன் சொல்றான். நான் உயிரோடதானே இருக்கேன்? அது மட்டும் எப்படிச் சாகும்?"

கேட்டவர் என் பெரியம்மா. கேட்ட இடம், சிங்காரப்பேட்டையில் பேருந்து நிற்கும் இடத்தையொட்டிய தேநீர்க்கடை. கேட்கப்பட்டவன், மேடையேறினால் ஒன்றரை மணி நேரம் ஓயாமல் பேசுகிறவன் என்று பெயரெடுத்த நான். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

நடந்தது இதுதான். பெரியம்மாவின் மகன் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை இருந்தால் கூலி. கூலி வந்தால் தாயின் பேசிக்கு ரீசார்ஜ். மூன்று மாதம் வேலை இல்லை. எரவாணத்தில் செருகி வைத்த பேசி, ஓசையற்றுக் கிடந்தது. பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் எண்ணைத் துண்டிக்கலாம் என்பது விதி. துண்டித்தார்கள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்; பெயர் இங்கே வேண்டாம்.

எண் போனால் போகட்டும், வேறு எண் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்பார் சிலர். நகரத்து மாடியில் நின்று பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பத்து இலக்கம் என்ன தெரியுமா? வங்கிக் கணக்கின் திறவுகோல் அது. ஆதாரின் நிழல் அது. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யும் வழி அது. 2023 செப்டம்பர் 15 முதல் மாதந்தோறும் வரும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், வந்ததா வரவில்லையா என்று சொல்லும் குரல் அது. இத்தனையையும் ஓர் எண்ணின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது அரசு. அந்தக் கழுத்தை நெரிக்கும் கயிற்றையோ கம்பெனியின் கையில் கொடுத்தது!

ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். 2005-ஆம் ஆண்டு டிசம்பர். ஏர்டெல் நிறுவனம் 999 ரூபாய்க்கு "ஆயுள் முழுதும்" என்றொரு திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஒருமுறை கட்டினால் போதும், உள்வரும் அழைப்புக்கு ஆயுள் முழுதும் தடையில்லை என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வரிசை கட்டின. தாலி முடிச்சைப்போல நம்பினான் தமிழன். பதின்மூன்று ஆண்டு சென்றது. 2018-இன் இறுதியில், 28 நாளைக்கு 35 ரூபாய் கட்டினால்தான் இணைப்பு என்று பெரிய நிறுவனங்கள் அறிவித்தன. ஆயுள் எங்கே? யாருடைய ஆயுள்? 35 ரூபாய், 49 ஆயிற்று, 79 ஆயிற்று, 99 ஆயிற்று. 2025-இல் அதே ஏர்டெல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ஓராண்டுத் திட்டத்துக்குக் குறித்த விலை 1,849 ரூபாய். ஓர் ஆயுளுக்கு 999. ஓர் ஆண்டுக்கு 1,849!

நான் கல்லூரியை இடைவழியில் விட்டு வந்தவன். ஆயினும் பதின்மூன்றாம் வாய்ப்பாடு மறக்கவில்லை. இருபத்தெட்டைப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு என்று ஆண்டவன் முதல் அலுவலகக் குமாஸ்தா வரை அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் நாட்காட்டியில் மட்டும் மாதம் பதின்மூன்று. பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்குகிறவன், பதின்மூன்று மாதக் கட்டணம் கட்டுகிறான். ஒழுங்காற்று ஆணையமாகிய டிராய், 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையிட்டது. வைத்தார்கள். கடையின் பின்கட்டில், பழைய சாக்குக்குப் பின்னே வைத்தார்கள். தெருவில் தொங்கும் பலகையில் இன்றும் 28-தான் சிரிக்கிறது.

2024 ஜூன் இறுதியில் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. ஜியோ விலையை உயர்த்துவதாக அறிவித்தது. அடுத்த நாளே ஏர்டெல் அறிவித்தது. அதையொட்டி வோடபோன் ஐடியாவும் அறிவித்தது. ஜூலை 3-இல் இருவர், ஜூலை 4-இல் மூன்றாமவர். 155 ரூபாய் 189 ஆயிற்று. 179 ரூபாய் 199 ஆயிற்று. 239 ரூபாய் 299 ஆயிற்று. பஜனைக் கோவிலில்கூட இவ்வளவு ஒத்திசைவை நான் கேட்டதில்லை! கூடிப் பேசி உயர்த்தினார்கள் என்று நான் சொல்லவில்லை; சொல்லச் சான்று என்னிடம் இல்லை. போட்டி இருக்கிறது, ஆகவே விலை குறையும் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, அந்தப் பாடத்தின் கதி என்ன என்றுதான் கேட்கிறேன்.

ஒன்றிய அரசு அதற்கொரு விளக்கமும் வெளியிட்டது. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. உலக நாடுகளை ஒப்பிட்டால் இங்கே கட்டணம் குறைவு என்றது. குறைவுதான், மறுக்கவில்லை. 2016 செப்டம்பருக்குப் பிறகு இணையத்தின் விலை வீழ்ந்ததும், ஏழை வீட்டுப் பிள்ளை கையில் பாடமும் படமும் பாட்டும் வந்ததும் உண்மை. ஆனால் என் பெரியம்மாவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. எதற்கு? அவருடைய பேசியில் பொத்தான்தான் உண்டு. திரை இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டியளவு கண்ணாடி. ஓசூரிலிருந்து மகன் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்க வேண்டும். "சாப்பிட்டேன்ப்பா" என்று அவர் பொய் சொல்ல வேண்டும். அதற்கு 199 ரூபாய். உரிமைத்தொகை ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு! உப்பு மட்டும் வேண்டும் என்று போனவளிடம் மளிகை மூட்டையைக் கட்டி விற்கும் கடையை ஊர் சும்மா விடுமா? பேச்சுக்கு மட்டுமான திட்டம் வேண்டும் என்று டிராய் ஆணையிட 2024 டிசம்பர் வரை ஆயிற்று. அதன்பின் வந்தது 84 நாளைக்கு 469 ரூபாய் என்ற திட்டம். கூலிக்காரன் கையில் ஒரே மூச்சில் 469 ரூபாய் எப்போது இருந்தது?

சரி, முறையிடலாம் என்று பெரியம்மாவின் சார்பில் நான் அழைத்தேன். நாடகம் எழுதுகிறவன் நான். எழுதாத நாடகமொன்று அன்று அரங்கேறிற்று.

குரல்: வணக்கம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்.

நான்: அழுத்திவிட்டேன்.

குரல்: புதிய சலுகைகளை அறிய ஒன்று, ரீசார்ஜ் செய்ய இரண்டு, பாட்டு வைக்க மூன்று...

நான்: துண்டித்த எண்ணை மீட்க எத்தனை?

குரல்: மன்னிக்கவும், தாங்கள் தவறான எண்ணை அழுத்தியுள்ளீர்கள்.

நான்: நான் எதையும் அழுத்தவில்லையே, கேட்கத்தானே செய்தேன்!

குரல்: அழைத்ததற்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாகட்டும்.

திரை விழுந்தது. அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் இருந்தார். சவ அடக்கத் தொழில் செய்தவர். தம்மைத் தேடி வந்த அழைப்புகளைத் தொலைபேசி நிலையத்திலிருந்த பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சினந்து, ஆளே இல்லாமல் இணைப்புத் தரும் கருவியைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். 1891-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மனிதர் வேண்டாம் என்று அன்று பிணத்தொழில் செய்தவர் துடித்தார். ஒரு மனிதக் குரல் கேட்காதா என்று இன்று உயிரோடிருப்பவன் துடிக்கிறான்!

நீதிமன்றம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2009-இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: தொலைபேசித் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வராது, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் நடுவர் முறை இருக்கிறது, அங்கே போ என்று. விக்டோரியா காலத்துச் சட்டம், விரல்நுனிக் காலத்து மனிதனின் வாயை மூடியது. 2022 பிப்ரவரியில்தான் அதே உச்சநீதிமன்றம், வோடபோன் ஐடியா தொடர்பான வழக்கில், நுகர்வோர் மன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது என்று தெளிவுபடுத்தியது. இடையில் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேற்படாமல் இழப்பீடு என்று டிராய் 2015-இல் விதி செய்தது. அந்த மூன்று ரூபாயை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள் கம்பெனிக்காரர்கள். 2016 மே மாதம் விதி அடிபட்டது. 2024-இல் வந்த புதிய விதி, சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஈடு தரவேண்டும் என்கிறது, நல்லதுதான். ஆனால் அது மாவட்ட அளவில் நிற்க வேண்டுமாம்! கிருஷ்ணகிரி முழுதும் ஊமையானால் கணக்கு. சிங்காரப்பேட்டை மட்டும் ஊமையானால் அது கணக்கில் வராது.

ஊமையான நாள் எனக்கு நினைவிருக்கிறது. 2024 டிசம்பர் முதல் நாள் இரவு, ஃபெஞ்சல் புயலின் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்த ஊர்திகளை வெள்ளம் உருட்டிச் சென்றதை நாடே படமாகப் பார்த்தது. ஊருக்குள் இருந்த நான் பெரியம்மாவின் தெருவுக்குப் பேச முயன்றேன். சிக்னல் இல்லை. மாடிக்குப் போனேன், இல்லை. விடியும்வரை அந்த வீட்டுக் கூரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இருந்தது. அவர் பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு விழித்தபடி உட்கார்ந்திருந்தார். மின்சாரம் போனால் டவர் எத்தனை நேரம் தாங்கும், டீசல் யார் ஊற்றுவது என்பதெல்லாம் கம்பெனிக்கும் டவர் கம்பெனிக்கும் இடையிலுள்ள கணக்கு.

அந்தக் கணக்கு முற்றினால் என்ன ஆகும் என்பதையும் தமிழகம் பார்த்தது. ஏர்செல்! 1999-இல் தமிழகத்தில் தொடங்கி, வீட்டுக்கு வீடு நுழைந்து, சென்னைக் கிரிக்கெட் அணியின் சட்டையிலே பெயர் பொறித்து, கோடிக்கு மேற்பட்ட தமிழர்களைப் பேச வைத்த நிறுவனம். 2006-இல் பெரும்பங்கு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போயிற்று. 2018 பிப்ரவரியில், டவர் நிறுவனங்களோடு பாக்கித் தகராறு. கோபுரங்கள் கண்ணை மூடின. பிப்ரவரி 28-இல் திவால் மனு. வேறு நிறுவனத்துக்கு மாறலாமே? மாறலாம், அதற்கு அந்தச் செத்த பேசியிலிருந்துதான் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியெண் பெறவேண்டும்! பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துவிட்டு, திறந்துகொண்டு வெளியே வா என்றார்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி மக்கள் அலைந்தார்கள்.

இன்று மிஞ்சியிருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் அரசின் பி.எஸ்.என்.எல்.லும். பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் இரண்டே நிறுவனங்களின் பிடியில். முதலாளித்துவத்தின் தாயகமான அமெரிக்காவே, தொலைபேசியை ஏகபோகமாக ஆண்ட ஏ.டி.அண்டு.டி. நிறுவனத்தை 1984-இல் துண்டு துண்டாக வெட்டியது.

வோடபோன் ஐடியாவால் அரசுக்கு அலைக்கற்றைப் பாக்கியைக் கட்ட முடியவில்லை. 2025 ஏப்ரலில் 36,950 கோடி ரூபாய்ப் பாக்கி பங்காக மாற்றப்பட்டது. அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடாயிற்று. மூன்றாவதும் மூழ்கினால் இரண்டே மிஞ்சும் என்பதால், காப்பாற்றியது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 36,950 கோடிக்குத் தவணையும் தயவும் தாட்சண்யமும் உண்டென்றால், 199 ரூபாய்க்கு 90 நாளில் தூக்குத்தண்டனை எந்த நீதி?

எங்கள் மாவட்டத்தின் விந்தையையும் கேளுங்கள். உலகம் கையில் வைத்துக் கொஞ்சும் ஐபோனின் உடற்கூடு ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகிறது. செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்த விலையுயர்ந்த உடலைச் செய்யும் மாவட்டத்தில், மலையடிவாரத்துப் பெண்பிள்ளை வேலைக்குப் போன அக்காளோடு பேச மாடிப்படி ஏறி நிற்கிறாள். எல்லையிலோ இன்னொரு கூத்து: ஓசூரில் நின்றால் பேசி கர்நாடகத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்வரும் அழைப்புக்கே ரோமிங் காசு பிடித்த காலம் ஒன்று இருந்தது. நின்ற இடத்தை விட்டு நகராதவன் வேறு மாநிலம் போனதாகக் கட்டணம் கட்டினான்! 2016, 2017-இல்தான் அந்தத் தண்டம் ஒழிந்தது.

ஒழிந்தது ஏன்? ஒரு புதிய போட்டியாளர் வந்ததால். 2024 ஜூலையில், விலை உயர்ந்ததும் மூன்று தனியாரையும் விட்டு ஒரே மாதத்தில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் பி.எஸ்.என்.எல்.லில் கூடினார்கள். மக்கள் கையால் போட்ட வாக்கு அது. அவர்களை வைத்துக்கொள்ள அன்று அரசு நிறுவனத்திடம் 4ஜி முழுமையாக இருக்கவில்லை. ஜியோவும் ஏர்டெலும் 2022 அக்டோபரிலேயே 5ஜிக்குப் போய்விட்டன. பி.எஸ்.என்.எல். நாடு தழுவிய 4ஜியைத் தொடங்கியது 2025 செப்டம்பரில். 2020 ஜனவரியில் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வென்று வீட்டுக்கு அனுப்பியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் விட்டவர்கள் யார் என்பது வாசகருக்குத் தெரியும்.

கேட்பது அதிகமில்லை. உள்வரும் அழைப்பும் வங்கிக் குறுஞ்செய்தியும் கட்டணம் முடிந்தாலும் ஓராண்டுக்கு நிற்கக் கூடாது. அரசின் உதவித்தொகையோடு இணைந்த எண்ணை, உரியவரை நேரில் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சேவைக் குறைவை மாவட்டக் கணக்கில் பார்க்காமல் டவர் கணக்கில் பார்க்க வேண்டும். வட்டத் தலைநகர் ஊத்தங்கரையிலாவது, முகம் பார்த்துப் பேசும் மனிதர் ஒருவர் நிறுவனத்துக்கொருவராக உட்கார வேண்டும்.

சென்ற வாரம் பெரியம்மாவின் பழைய எண்ணை நானே அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. எடுத்தவர் ஓர் இளைஞர். ஈரோட்டுப் பக்கம் தறிப்பட்டறையில் வேலையாம். விவரம் சொன்னேன்.

"அண்ணே, பதினஞ்சாம் தேதி ஆனா ஆயிரம் ரூபா வந்ததா மெசேஜ் வருதுண்ணே. யாரோ ஒரு அம்மாவோடதுன்னு தெரியும், யாருன்னு தெரியலே. அவங்களுக்குப் பணம் வந்திருச்சுன்னு சொல்லிடுங்க."