துவக்கின் வாயில் இறுகிய சோக்குக் குழாய்

பெரும்போக நெல் விளையும் காலத்தில் காட்டுப் பன்றிக் கூட்டமொன்று ஒரே இரவிற் செய்யும் அழிவைக் கமக்காரர் நன்கறிவர். பயிர்க் காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் துவக்கு, மண்வெட்டியையும் கலப்பையையும் போலக் கமத்துக்குரிய ஒரு கருவியே. எனினும் மண்வெட்டியைக் கழுவி வைக்கும் கமக்காரருட் சிலர், துவக்கை மட்டும் சுட்டபடியே மூலையிற் சாத்திவிடுகின்றனர். இப்பழக்கத்தினாற் பெரிதும் கெடுவது குழல் வாயிலுள்ள சோக்குக் குழாயாகும்.

துவக்கின் குழல் வாய்ப்புறத்திற் சிறிது ஒடுங்கியிருப்பின், சன்னங்கள் விரைவிற் சிதறாது நெருங்கிச் செல்லும். இவ்வொடுக்கமே சோக்கு எனப்படும். 1866 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த வில்லியம் ரொச்செஸ்ரர் பேப் என்பவர் இத்தகைய கடைசலுக்குக் காப்புரிமை பெற்றார். 12 போர்த் துவக்கின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், முழுச் சோக்கு அதனினும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே ஒடுங்கியது. பழைய துவக்குகள் பலவற்றில் இவ்வொடுக்கம் குழலோடு ஒன்றாகவே கடையப்பட்டிருக்கும். அதனைத் திருக முயலலாகாது. புதியன பலவற்றில் அது புரியிட்ட சிறு குழாயாகத் தனியே பொருத்தப்பட்டிருக்கும். இத்தகைய குழாயின் விளிம்பிற் பெரும்பாலும் சாவி பொருந்தும் வெட்டுகளைக் காணலாம்.

“நன்றாயிருப்பதை ஏன் கழற்ற வேண்டும்?” என்று கேட்பாருளர். ஒரே வகைச் சோக்குடன் ஆண்டு முழுவதும் காவல் செய்பவருக்கு அதனை மாற்றவேண்டிய தேவை இல்லை என்பது உண்மையே. ஆயினும் மாற்றாதிருத்தல் வேறு, கழற்றித் துடைக்காதிருத்தல் வேறு. ஒவ்வொரு வெடியின்போதும் மருந்தின் கரியும், தோட்டாவினுள் இருக்கும் பிளாஸ்திக் அடைப்பின் படிவும், ஈயத்தூளும் குழாயின் பின்விளிம்பிற் சேர்கின்றன. குழாய் சிறிது தளர்ந்திருப்பின் வெடியின் வாயு அப்படிவைப் புரிகளுக்குள்ளே செலுத்திவிடும். மாரிக்கால ஈரமோ கடற்கரை உப்புக்காற்றோ அங்கே தங்கின் கறள் பிடிக்கும். ஆகவே இறுகிய குழாய் ஒரு நாளில் நேர்ந்த விபத்தன்று. பல நாட் கவனக்குறைவின் பயனேயாகும்.

குழாய் இறுகியபின் செய்யப்படும் பிழை முந்திய பிழையினும் பெரிது. குறட்டினாலும் உளியினாலும் அதனைப் பெயர்க்க முயல்வோர், வெட்டுகளை உடைத்துக் குழல் வாயையும் கெடுக்கின்றனர். தீயிற் காய்ச்சுவதும் தகாது. இரட்டைக் குழற் துவக்குகள் பலவற்றில் குழல்களை இணைக்கும் ஈயப்பற்று, வெப்பத்தால் இளகிவிடும்.

முறையாகக் கழற்ற விரும்புவோர் முதலில் துவக்கைத் திறந்து, தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர் குழலைத் துவக்கினின்றும் பிரித்து, கறள் இளக்கும் எண்ணெயை வாய்விளிம்பிலும், உள்ளே குழாயின் பின்விளிம்பிலும் விட்டு, வாய் கீழாக ஓர் இரவு நிறுத்தி வைத்தல் நன்று. மறுநாள் வாய்ப்புறத்தைச் சுடுநீரிற் சிறிது நேரம் அமிழ்த்தின் படிவு மேலும் இளகக்கூடும். குழலை மரத்துண்டும் தோலும் வைத்து மெதுவாகப் பிடித்து, அத்துவக்குக்கே உரிய சாவியை முழுமையாகப் பொருத்தி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தல் வேண்டும். வாயை இறுக்கிப் பிடித்தால் மெல்லிய குழாய் நசுங்கி மேலும் இறுகும். இரண்டு மூன்று முறை முயன்றும் அசையாதெனில் அத்துடன் நிறுத்தி, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. அவருக்குக் கொடுக்கும் கூலி புதிய குழலின் விலையிலும் குறைவு.

வருமுன் காப்பதற்கோ சில நிமிடங்களே போதும். துவக்கைப் பயன்படுத்திய நாளிலேயே குழாயைக் கழற்றி, புரிகளைப் பழைய பற்றூரிகையாற் தேய்த்துத் துடைத்து, செப்புத்தூள் கலந்த கிறீசை மெல்லியதாகப் பூசி, கையால் முற்றத் திருகியபின் சாவியாற் சிறிது இறுக்குதல் வேண்டும். நல்லெண்ணெய் முதலிய சமையலெண்ணெய்கள் நாளடைவிற் பசைபோலாகுமாதலின் இதற்கு உதவா. பயன்படாது வைத்திருக்கும் துவக்கையும் மாரிக்காலத்தில் மாதமொருமுறை இவ்வாறு கவனித்தல் தகும்.

இவற்றுடன் மூன்று விடயங்களை மறக்கலாகாது. குழாயின்றிச் சுடுதல் புரிகளைக் கெடுக்கும். தளர்ந்த குழாயுடன் சுடுதல் குழாயைப் பிளந்து குழலை வீங்கச் செய்யக்கூடும். அருகே நிற்பவருக்கும் அதனால் ஆபத்துண்டு. எஸ்.ஜி. போன்ற பெருஞ் சன்னத் தோட்டாவையோ உருக்குச் சன்னத் தோட்டாவையோ முழுச் சோக்கிற் சுடுமுன், துவக்குச் செய்தோர் தந்த குறிப்பேட்டைப் பார்த்தல் இன்றியமையாதது. உருக்குச் சன்னம் ஈயம்போல் நசுங்காதாகையால், இடுங்கிய குழாயை விரித்துப் புரிகளில் இறுகச் செய்துவிடும்.

துவக்கின் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தாற் போதும். துவக்கைப் பேணுதலோ ஒவ்வொரு காவலிரவின் பின்னரும் செய்யவேண்டிய கடமையாகும். பன்றி வயலில் இறங்கிய இரவில் துவக்குத் திருத்துநரின் பட்டறையிற் கிடக்குமாயின், அந்தப் போகத்தின் இழப்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது.